பெயரின்றித் திரும்பிய படங்கள்

காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். வடஆர்க்காட்டுக் கிராமங்களில் இருபது ஆண்டுகளாக நான் எடுத்துச் சேர்த்த நடுகல், கல்வெட்டுப் படங்கள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் தொலைத்துவிட்டு, அவற்றை மீட்பதிலேயே கோடை முழுவதையும் கழித்தேன்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. மறுநாள் அதை இணைத்ததும், ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. கணினியே கேட்கிறதே என்று சம்மதித்துவிட்டேன். அந்த டிஸ்க்கின் மேல் 'பேக்கப்' என்று நானே சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஆனால் இடம் போதவில்லை என்று கணினியில் இருந்த மூலப் படங்களை எப்போதோ அழித்துவிட்டிருந்ததால், நகல் என்று நான் நம்பியிருந்தது உண்மையில் ஒரே பிரதியாக இருந்திருக்கிறது.

மீட்பு மென்பொருளை அந்த டிஸ்க்கிலேயே நிறுவிப் பார்க்கலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியிலேயே அதைத் தடுத்தார். நான் செய்த விரைவு ஃபார்மட் என்பது, பட்டா நிலத்தைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் மாற்றி எழுதுவதைப் போன்றதாம். வீடு இடியாமல் அங்கேயேதான் நிற்கும், ஆனால் புதிதாக எதையாவது எழுதினால் அதன் மேல் வேறு கட்டடம் எழும்பிவிடும். நான் முழு ஃபார்மட்டைத் தேர்ந்திருந்தால், விஸ்டா பதிப்பின் காலம் முதல் விண்டோஸ், டிஸ்க் முழுவதிலும் சுழியங்களையே எழுதிவிடுவதால், உங்களுக்கு இரங்கற் கடிதம்தான் எழுதியிருப்பேன்.

அவர் முதலில் டிடிரெஸ்க்யூ என்னும் கருவியால் டிஸ்க்கை ஒரு பகுதி விடாமல் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, மூலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். கல்லைத் தொடாமல், அதிலிருந்து மை பூசித் தாளில் எடுத்த மைப்படியை வைத்துப் படிக்கும் நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் அந்தப் படியைத் துழாவியது. ஜேபெக் என்ற வகைப் படக் கோப்பு ஒவ்வொன்றும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளுடன் தொடங்குவதால், டிஸ்க்கின் பதிவேடு இல்லாமலேயே அந்த மென்பொருளால் படங்களை இனங்காண முடிகிறது. பல இடங்களில் சிதறிக் கிடந்த சில காணொளிகள் மட்டும் திறக்கவில்லை.

ஆனால் கோப்புப் பெயர்களும் கோப்புறைகளும் பதிவேட்டோடு போய்விட்டன. செங்கம் வட்டத்து வட்டெழுத்து நடுகல்லும் வள்ளிமலைச் சமணச் சிற்பமும் வெறும் எண்களாக, வரிசையின்றித் திரும்பி வந்தன. ஊர்ப்பெயர் இல்லாத கல்வெட்டுப் படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன ஆய்வு செய்ய முடியும்? படத்துக்குள்ளேயே எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருப்பது நம் நல்லூழ். அவற்றை என் களக்குறிப்பேடுகளோடும், அவற்றின் இடையில் செருகியிருந்த பேருந்துச் சீட்டுகளோடும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக ஊர் சேர்த்தேன். பழைய சீட்டுகளைத் தூக்கி எறியச் சொல்லும் என் மனைவி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

நீங்கள் எஸ்எஸ்டி என்னும் சுழலும் தட்டில்லாத சேமிப்பகம் உள்ள மடிக்கணினி வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். அதில் அழித்த கோப்பின் இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு விரைவில் துடைத்துவிடும் என்பதால், எனக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. சுழலும் டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தாலோ, மென்பொருள் எதையும் முயலாமல் உடனே அணைத்துவிட வேண்டும். படிக்கும் முனை பழுதாகி, தரவு பதிந்திருக்கும் தட்டையே கீறக்கூடும். கூகுள் டிரைவில் இருக்கிறதே என்றும் அமைதியடைய வேண்டாம். ஒத்திசைவு வைத்திருந்தால் இங்கே அழித்தது சிறிது நேரத்தில் அங்கும் குப்பைத் தொட்டிக்குப் போய், பிறகு அழிந்துவிடும்.

இப்போது மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று கணினியிலும், ஒன்று வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் டிஸ்க்கிலும் உள்ளன. மூன்றாவது இந்த வீட்டில் இருக்கக் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவன் நான். அதைத் தஞ்சாவூருக்கு உங்களிடம் அனுப்புகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, ஏதேனும் பத்துப் படங்களைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

நாம் இருவரும் எடுத்தனூரில் வீரன் ஒருவனோடு கோவிவன் என்ற நாயையும் பொறித்த நடுகல்லைப் பார்க்கப் போனோமே, அந்தப் பயணத்தின் குறிப்பேடு மட்டும் என்னிடம் இல்லை. வழியில் எடுத்த பதினேழு படங்களை அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நினைவுக்கு வரும் ஊர்ப்பெயர்களைப் பின்புறம் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்