இருமல் இல்லாத காசநோய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகக் காசநோய் தினத்தையொட்டி நம் இதழில் வந்த கட்டுரை முழுக்க இருமல், சளி என்றே போய்விட்டது. குழந்தைகளின் எலும்பைத் தாக்கும் காசநோய் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனம் கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்.

இந்த நோயில் பெரும்பாலும் இருமலே இருக்காது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதுகெலும்பில்தான் வரும். "எங்கேயாவது விழுந்திருப்பான்" என்று எண்ணெய் நீவியே மாதங்கள் ஓடிவிடும். அப்படி வந்த ஒரு சிறுவனிடம் தரையில் கிடந்த பென்சிலை எடுக்கச் சொன்னேன். அவன் குனியவே இல்லை. தொடையில் கையை ஊன்றி, முதுகை விறைப்பாக வைத்தபடி முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தான். ராத்திரி தூக்கத்தில் வீறிட்டு அழுகிறான் என்றார் அவன் அம்மா. பகலில் தசை இறுகி எலும்பை அசையவிடாமல் காக்கும். தூக்கத்தில் அது தளரும்போது வலி கிளம்பும். இப்படிப்பட்ட பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும். ஊசி வழியே சீழோ திசுவோ எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்வார்கள்.

மருந்து அரசே இலவசமாகத் தருகிறது. ஆனால் எலும்புக்கு ஆறு மாதம் போதாது, குறைந்தது 12 மாதம். சில மாதத்தில் வலி விட்டதுமே நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் ஆபத்து.

என் முக்கியமான கவலை மருந்து முடிந்த பிறகுதான். கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், முதுகெலும்புக் காசநோய் வந்த 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார். நோய் முற்றிலும் ஆறிய பிறகும், பத்தில் நான்கு பேருக்கு இந்த நோயால் முதுகில் விழுந்த கூனும் வளர வளரக் கூடிக்கொண்டே போனது. யாருக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் அடையாளங்களையும் அவர் சொல்லியிருக்கிறார். உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தால் கூனைத் தடுக்கலாம்.

மருந்து முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் கண்காணிக்க அரசுத் திட்டத்தில் இடமிருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படிப் போதும்? முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்து முடித்த குழந்தைகளின் பட்டியலைப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கொடுத்து, வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுக்கு ஒருமுறை முதுகைப் பரிசோதித்து எக்ஸ்ரே எடுக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
திண்டுக்கல்