பேக்கர் ரப்பர் எலிமெண்டுகள் சான்றிதழுக்கு மாறான பொருளில் அனுப்பப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
பொறியியல் பிரிவுத் தலைவர்,
கிணறு பழுதுநீக்கும் ஒப்பந்த நிறுவனம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
கிணற்று அடைப்புக் கருவிகள் மற்றும் வால்வுகள் உற்பத்தி நிறுவனம்.

பொருள்: கிணற்றினுள் வாயுவை அடைக்கும் கருவியான 7 அங்குல பேக்கருக்குரிய எலிமெண்ட் (ரப்பர் வளையம்) தொகுப்புகள் நான்கும், கேட் வால்வுகள் இரண்டும் எங்கள் கொள்முதல் ஆணைக்கு மாறாக இருந்தது, அவற்றில் ஒரு எலிமெண்ட் தொகுப்பால் எரிவாயுக் கிணறு ஒன்றில் அனுலஸ் அழுத்தம் ஏறியது, உரிய நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காவிரிப் படுகையில் உள்ள எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் பழுதுநீக்கும் பணியை ஒப்பந்த முறையில் செய்துவரும் சிறு நிறுவனம் எங்களுடையது. பேக்கர் உதிரிகளையும் கேட் வால்வுகளையும் பல ஆண்டுகளாக உங்களிடமே வாங்கி வருகிறோம். இதுவரை ஒருமுறைகூடப் புகார் எழுதியதில்லை. இம்முறை உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, "பொருத்தும்போது நேர்ந்த தவறாக இருக்கலாம்" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. கிணற்றிலிருந்து எடுத்த பொருளைப் பார்க்காமலும், நாங்கள் அனுப்பிய அழுத்தப் பதிவுகளைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்காமலும் எழுதப்பட்ட அந்தப் பதிலை ஏற்க இயலாது என்பதால் நேரடியாக உங்களுக்கு எழுதுகிறேன். இந்த விவகாரம் தொழில்நுட்பப் பிரிவைத் தாண்டி நிர்வாகத்தின் முடிவுக்கு வரவேண்டியது என்பதால், சில அடிப்படைகளையும் சேர்த்தே விளக்குகிறேன்.

கிணற்றின் சுவராக நிற்கும் கேசிங்குக்கும், எரிவாயு மேலேறி வரும் டியூபிங்குக்கும் நடுவில் உள்ள வளைய இடைவெளியை அனுலஸ் என்கிறோம். அடியில் பேக்கரை இறுக்கி அந்த இடைவெளியை மூடினால்தான் வாயு டியூபிங் வழியாக மட்டும் வரும். மேலே, கிணற்று வாயில் உள்ள வால்வு அமைப்பான கிறிஸ்துமஸ் ட்ரீயின் வால்வுகளாலும், வாயு செல்லும் வழியைக் குறுக்கும் சோக்காலும் அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த முடியும். பேக்கரில் எத்தனை கிலோ எஃகு இருந்தாலும், வாயுவை உண்மையில் தடுத்து நிறுத்துவது உள்ளங்கை அகலமுள்ள மூன்று ரப்பர் வளையங்கள்தாம். அவை தோற்றால், உயர் அழுத்த வாயுவைத் தாங்குவதற்கென்று அமைக்கப்படாத கேசிங்கின் மேற்பகுதி அந்த அழுத்தத்தைச் சுமக்க வேண்டிவரும்.

விலை கேட்ட நாளிலேயே கிணற்றின் நிலைமையை எழுத்தில் கொடுத்திருந்தோம். பேக்கர் நிற்கும் ஆழம் ஏறத்தாழ 2,700 மீட்டர். அங்கே வெப்பநிலை 135 டிகிரி செல்சியஸ். அனுலஸில் நிரப்பும் பிரைன் என்னும் உப்புக் கரைசலில் அமீன் வகை அரிப்புத் தடுப்பான் கலந்திருக்கும். கிணறு அவ்வப்போது மூடித் திறக்கப்படும். இவற்றையெல்லாம் பார்த்த உங்கள் விற்பனைப் பொறியாளரே, அமீன் இருப்பதால் ஃப்ளோரின் கலந்த எஃப்கேஎம் ரப்பர் ஆகாது, சாதாரண நைட்ரைல் ரப்பர் 120 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் தாங்காது, ஆகவே ஹைட்ரஜன் ஏற்றிய நைட்ரைலான எச்என்பிஆர் கலவைதான் பொருத்தம் என்று பரிந்துரைத்தார். அது சரியான பரிந்துரை என்பதால் அப்படியே ஆணையிட்டோம். நடு வளையம் ஷோர் ஏ அளவில் 80, இரு ஓர வளையங்களும் 90 கடினத்தன்மை, ஐஎஸ்ஓ 23936-2 தரப்படி திடீர் அழுத்தக் குறைவைத் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட எச்என்பிஆர் என்பவை ஆணையில் தெளிவாக உள்ளன. நான்கு தொகுப்புகள் வந்தன. ஒவ்வொன்றுடனும் எச்என்பிஆர் என்று குறித்த சான்றிதழ் இருந்தது.

முதல் தொகுப்பை ஒரு எரிவாயுக் கிணற்றின் பேக்கரில் பொருத்தினோம். அதற்கு முன்பு கேசிங்கின் உட்சுவரை ஸ்கிரேப்பர் இறக்கிச் சுத்தம் செய்தோம். கேசிங் அடிக்கு 29 பவுண்டு எடை கொண்டது என்பதை உறுதிசெய்து, பேக்கரின் வெளி அளவை அதற்குப் பொருத்தும் கேஜ் வளையத்தையே மாட்டினோம். இறக்கிய வேகமும், பந்து போட்டு டியூபிங்கில் அழுத்தம் ஏற்றி பேக்கரை இறுக்கிய விவரமும் வரைபடப் பதிவாக உள்ளன. அனுலஸை 1,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,500 பவுண்டு) அழுத்தத்தில் 30 நிமிடம் சோதித்தபோது சிறிதும் இறங்கவில்லை. பொருத்துவதில் தவறு நேர்ந்திருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும். வலுக்குறைந்த ரப்பரும் திரவத்தைக் கொண்டு செய்யும் அரைமணி நேரச் சோதனையில் தேறிவிடும் என்பதையும், வாயுவும் வெப்பமும் நாட்கணக்கில் வேலை செய்த பிறகுதான் அதன் குணம் வெளிப்படும் என்பதையும் உங்கள் தரப் பிரிவு அறியாமல் இருக்க முடியாது.

உற்பத்தி தொடங்கிய 11ஆம் நாள் அனுலஸ் அழுத்தமானி 200 பிஎஸ்ஐ காட்டியது. சூடான வாயு மேலேறும்போது அனுலஸில் உள்ள திரவம் விரிந்து சிறிது அழுத்தம் காட்டுவது இயல்பு. ஒருமுறை அதை வெளியேற்றிவிட்டால் அது திரும்ப வராது. அந்த எண்ணத்தில் வெளியேற்றினோம். வெளியே வந்தது வாயு. மூடிய சில மணி நேரத்தில் அழுத்தம் திரும்ப ஏறியது. அடுத்த நான்கு நாட்களில் 650 பிஎஸ்ஐ ஆனது. கிணற்றைச் சுற்றிலும் சம்பா நடவு முடிந்த வயல்கள்; வேலிக்கு அப்பால் பேச்சுக்குரல் கேட்கும் தூரத்தில் குடியிருப்பு. ஒவ்வொரு மணி நேரமும் அந்த மானியைப் படித்துக் குறித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் அந்த நான்கு இரவுகளும் உறங்கவில்லை. கிணற்றின் உரிமை நிறுவனம் உடனே உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. கனமான பிரைன் செலுத்திக் கிணற்றை அடக்கி, பழுதுநீக்கும் மேடையான ஒர்க்ஓவர் ரிக்கை மறுபடி வரவழைத்து, டியூபிங் முழுவதையும் பேக்கரோடு உருவினோம்.

வெளியே வந்த எலிமெண்டுகளைக் கண்டவர் யாரும் அவை பதினைந்தே நாள் கிணற்றில் இருந்தவை என்று நம்பமாட்டார்கள். நடு வளையம் உப்பி, மேற்பரப்பு முழுவதும் கொப்புளங்களாக இருந்தது. கத்தியால் குறுக்கே அறுத்தால் உள்ளே அடுக்கடுக்காகப் பிளவுகள். உயர் அழுத்தத்தில் ரப்பருக்குள் ஊடுருவித் தங்கிய வாயு, கிணற்றை மூடித் திறக்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கியதும் விரிந்து, வெளியேற வழியின்றி ரப்பரை உள்ளிருந்தே கிழித்ததன் அடையாளம் அது. அதைத் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட கலவையைத்தான் நாங்கள் விலை கொடுத்துக் கேட்டோம். கீழ் ஓர வளையமோ இறுகி, வெடிப்பு விட்டு, ஒரு பக்கம் உலோக வளையத்தைத் தாண்டிப் பிதுங்கியிருந்தது.

கிணற்றில் இருந்து வந்ததை மட்டும் காட்டினால், வெப்பத்தாலோ உருவியபோதோ கெட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆகவே பிரிக்கப்படாத ஒரு தொகுப்பை உறையோடு ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நடு வளையத்தின் கடினத்தன்மை 80க்குப் பதிலாக 71 என்று வந்தது. அதைவிட முக்கியமானது அகச்சிவப்பு நிறமாலைச் சோதனையின் முடிவு. நைட்ரைலிலும் எச்என்பிஆரிலும் 2237 அலை எண்ணுக்கு அருகே ஒரே உச்சம் தெரியும். அதை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் ஹைட்ரஜன் ஏற்றி எச்என்பிஆராக மாற்றும்போது பியூட்டாடையீன் பகுதியின் இரட்டைப் பிணைப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடுவதால், 970க்கு அருகே உள்ள உச்சம் ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். நீங்கள் அனுப்பிய மூன்று வளையங்களிலும் அந்த உச்சம் குறையாமல் நிற்கிறது. அதாவது அவை சாதாரண நைட்ரைல். உங்கள் பொறியாளரே இக்கிணற்றுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பொருள். ஆய்வறிக்கையின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறையின் மேல் ரப்பரை வல்கனைஸ் செய்த (சூடேற்றிப் பதப்படுத்திய) காலாண்டு அச்சிடப்பட்டிருக்கிறது. சான்றிதழில் சோதனை நடந்ததாகக் காட்டப்படும் தேதியோ அந்தக் காலாண்டுக்கு ஐந்து மாதங்கள் முந்தையது. இன்னும் செய்யப்படாத ரப்பரை யாராலும் சோதித்திருக்க முடியாது. வேறொரு உற்பத்தித் தொகுதியின் சோதனை முடிவுகளை எடுத்து, எங்கள் தொகுதி எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ரப்பர் தவறாக வந்ததைவிட இதுவே என்னை அதிகம் வருத்துகிறது. எஃகை நாங்கள் அளக்கலாம், தட்டிப் பார்க்கலாம். நைட்ரைலும் எச்என்பிஆரும் கண்ணுக்கு ஒரே கறுப்பு வளையங்கள். வாங்குபவர் நம்புவதற்கு அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. இப்பேக்கரின் வடிவமைப்பு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 11டி1 தரத்தில் வி1 நிலையில், அதாவது வாயு அழுத்தம், அச்சுச் சுமை, வெப்ப ஏற்ற இறக்கம் மூன்றிலும் சரிபார்க்கப்பட்டது என்று உங்கள் பொருள் விவரப் பட்டியல் சொல்கிறது. அந்தச் சரிபார்ப்பு எந்தக் கலவையை வைத்துச் செய்யப்பட்டதோ அந்தக் கலவைக்கே பொருந்தும். கலவையை மாற்றிவிட்டு அதே தகுதியைச் சொல்லி விற்பது முறையல்ல.

உங்கள் பிரிவினர் தொலைபேசியில் வேறு இரண்டு காரணங்களைச் சொன்னார்கள். அரிப்புத் தடுப்பான் ரப்பரைக் கெடுத்திருக்கலாம் என்பது ஒன்று. அதை முன்கூட்டியே தெரிவித்திருந்தோம் என்பதற்கு உங்கள் விலைப்புள்ளியே சாட்சி. வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்திருக்கலாம் என்பது மற்றொன்று. இக்கிணற்றின் வாயுப் பகுப்பாய்வில் அது இல்லை.

அதே சரக்கில் வந்த இரண்டு கேட் வால்வுகளிலும் இதே போன்ற முரண்பாடு இருந்தது. ஏபிஐ 6ஏ தரத்தில் யு வெப்ப வகுப்பு, அதாவது 121 டிகிரி வரை தாங்குவது என்று ஆணையிட்டிருந்தோம். தாள்களில் யு என்றே இருக்கிறது; வால்வின் பெயர்த்தகட்டிலோ 82 டிகிரி வரை மட்டுமே தாங்கும் பி (P) வகுப்பு பொறிக்கப்பட்டுள்ளது. கிடங்கில் சரிபார்த்த எங்கள் இளைஞர் ஒருவர் கவனித்துத் தடுத்ததால் அவை ட்ரீயில் ஏறவில்லை.

2020 மே 27 அன்று அசாமின் பாக்ஜானில், பழுதுநீக்கும் பணியின்போது எரிவாயுக் கிணறு ஒன்று கட்டுமீறியதை நீங்கள் அறிவீர்கள். ஜூன் 9 அன்று அது தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தனர். நவம்பரில்தான் அதை முழுமையாக அடக்க முடிந்தது. அங்கே நடந்ததற்கு ரப்பர் எலிமெண்ட் காரணமல்ல. இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஆனால் ஒரு கிணற்றில் எப்போதும் இரண்டு தடைகள் நிற்க வேண்டும், ஒன்று போனால் மற்றொன்று காக்க வேண்டும் என்ற விதியை வைத்தே எங்கள் ஆட்களை ரிக் மேடையில் ஏற்றுகிறோம். அந்த இரண்டில் ஒன்று பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமலே பதினைந்து நாட்கள் கழிந்திருக்கின்றன.

இனி நாங்கள் கோருவது. எல்லாவற்றுக்கும் முதலில், இதே தொகுதி எண் கொண்ட எலிமெண்டுகளை வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்கள் அனைவருக்கும் உடனடியாக எழுத்தில் எச்சரிக்கை அனுப்பி, அதன் நகலை எங்களுக்குத் தாருங்கள். எங்கள் நட்ட ஈட்டைப் பேசுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும், ஏனென்றால் அவை இந்நேரம் வேறு கிணறுகளில் இறங்கியிருக்கலாம். அடுத்து, இந்தத் தொகுதியின் கலவைப் பதிவேடு, வல்கனைஸ் செய்த பதிவு, மூலச் சோதனைத் தாள்கள் ஆகியவற்றைக் காட்டுங்கள். சான்றிதழில் கையொப்பமிட்டவர் எந்தச் சோதனையைப் பார்த்துக் கையொப்பமிட்டார் என்பதற்கு விளக்கம் தாருங்கள். கலவை மாறிப்போனது கிடங்கில் நேர்ந்த தவறா, மூலப்பொருள் விற்றவர் ஏமாற்றியதா, வேண்டுமென்றே செய்ததா என்பதை நான் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்று நேர்மையாகச் சொன்னால், திருத்திக்கொள்ள உங்களுக்கு அவகாசம் தருவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

ரிக் வாடகை, பிரைன், ஆட்கூலி, உரிமை நிறுவனம் எங்கள் பில்லில் பிடித்துக்கொண்ட தொகை ஆகியவற்றின் கணக்கு ரசீதுகளுடன் இணைக்கப்பட்டுள்ளது. அதை முழுமையாக ஈடுசெய்ய வேண்டும். நான்கு தொகுப்புகள், இரண்டு வால்வுகளின் விலையையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொருளை இப்போதைக்கு நாங்கள் ஏற்கப்போவதில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, விவரித்து விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 16ஆவது பிரிவு, விற்பவரின் திறமையை நம்பி நோக்கத்தைத் தெரிவித்து வாங்கிய பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஆணையும் உங்கள் பரிந்துரையும் இவ்விரண்டின் கீழும் வருகின்றன. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டியிருக்கும்.

பிரிக்கப்படாத இரண்டு தொகுப்புகள் முத்திரை வைத்து எங்கள் கிடங்கில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கிணற்றிலிருந்து எடுத்த வளையங்களும் தனிப் பெட்டியில் உள்ளன. ஒரு தொகுப்பை உங்கள் பிரதிநிதி முன்னிலையில் பிரித்து, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அவர் எந்த நாளில் வருவார் என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பொறியியல் பிரிவுத் தலைவர்.

இணைப்பு: கொள்முதல் ஆணை, உங்கள் விலைப்புள்ளி, சான்றிதழ், உறையின் புகைப்படம், அழுத்தப் பதிவுகள், ஆய்வகத்தின் அறிக்கை, செலவுக் கணக்கு ஆகியவற்றின் நகல்கள்.