விரலைப் பிடித்து இழுக்காதே, கண்ணு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள கண்ணுவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் குட்டி அழுததிலிருந்து மனசே சரியில்லை. பென்சிலை முஷ்டியில் பிடிக்கிறான் என்று நீ அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கிறாய், அவன் மறுபடி மூடிக்கொள்கிறான். போனில் சொன்னால் பேச்சு வளர்ந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

உனக்கு 4 வயசில் படியில் விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் எனக்கு ஈரக்குலையே நடுங்கியது. எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் மொச்சைக்கொட்டை மாதிரி மூன்று நாலு மட்டும், மற்றதெல்லாம் வெறும் இடம். டாக்டர்தான் பொறுமையாகச் சொன்னார்: மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள், பிறக்கும்போது எல்லாமே குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் இறுகி வரும். கடைசி எலும்பு தெரிய 9, 10 வயசுகூட ஆகுமாம்.

அதைக் கேட்டுவிட்டு வந்த நானே, அடுத்த வருஷம் நீ பென்சிலைத் தப்பாகப் பிடித்தாய் என்று ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டினேன். நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

குட்டிக்கு மூன்றரைதானே ஆகிறது. ஒன்றரை வயசில் முஷ்டி, இரண்டு மூன்று வயசில் விரலெல்லாம் கீழ்நோக்கிய பிடி, அப்புறம்தான் மூன்று விரல். அதுவும் முதலில் கை முழுக்க அசையும்; விரல் மட்டும் அசைந்து எழுதுவதற்கு 5, 6 வயசாகலாம். நாலு விரலில் பிடித்துத் தெளிவாக எழுதும் பிள்ளைகளும் உண்டு, அதையும் திருத்த வேண்டாம்.

நான் கொலுசுக்கு வளையம் கோக்கும்போது சாமணம் என்கிற சின்ன இடுக்கியைப் பிடிப்பதை நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளும், நடுவிரல் அடியில் தாங்கும், மற்ற இரண்டும் உள்ளே மடங்கிப் பலகையில் ஊன்றிக்கொள்ளும். பென்சிலுக்கும் அதே பிடிதான். எனக்கு அது கோலமாவு கிள்ளியும் பூத்தொடுத்தும் வந்தது. யாரும் என் விரலை இழுத்து வைக்கவில்லை.

அதனால் முழுப் பென்சிலைக் கொஞ்ச நாள் எடுத்து வை. கிரேயானை உன் கட்டைவிரலில் பாதி நீளத்துக்கு உடைத்துக் கொடு. முஷ்டியில் பிடிக்க அதில் இடமே இருக்காது, விரல் நுனி தானாக முன்னால் வரும். பேப்பரை அவன் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டிவிடு. நின்றுகொண்டு வரைந்தால் மணிக்கட்டு தானே பின்னால் வளைந்து நிற்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்காவிட்டால் அந்த இரண்டுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, 'முயல்குட்டி தூங்குது, விட்டுடாதே' என்று சொல். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை அவனுக்கும் கொடு, பிசையட்டும்.

இடது கையை நீட்டினால் நீட்டட்டும், மாற்றாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை.

6 வயசு தாண்டியும் முஷ்டிதான் என்றாலோ, எழுதினால் கை வலிக்கிறது என்று சொன்னாலோ குழந்தைகள் டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாம். இப்போது அவசியமில்லை.

பார்சலில் பலப்பம் ஒரு டப்பா, சிலேட்டு, கோலமாவு கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். பலப்பத்தை உடைத்தே வைத்திருக்கிறேன், வழியில் உடைந்ததென்று நினைக்காதே. தட்டுவடை உனக்கு.

அன்புடன்,
அம்மா