கால் மணித்தியால வித்தியாசம்

திருகோணமலை
ஆகஸ்ட் 3

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் அப்பாவோடு, மற்ற இரண்டு தரமும் குசினிக்குள் தனியாக. போனில் பதில் சொல்லத் தொடங்கினால் அழுது தொலைப்பேன். அதனால்தான் கொப்பியை எடுத்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பொடியன் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான்.

வேலையை விட்டாயிற்று, இனி மலையேறுவதுதான் தொழில், செப்டெம்பரில் நேபாளத்து மனாஸ்லு மலை. சரி. முப்பத்தொரு வயதுப் பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்லி என்ன வரப்போகிறது? இராவணன் வெட்டில் கம்பியில் ஏறி நின்று கீழே கடலை எட்டிப் பார்த்ததற்கு முதுகில் இரண்டு போட்டேனே, அன்றைக்கே கேட்காதவள் நீ.

ஆனால் அம்மா ஒன்றும் தெரியாமல் பயப்படுகிறாள் என்று நினைக்காதே. இரண்டு கிழமையாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 8163 மீற்றர். இலங்கையிலேயே ஆக உயர்ந்த எங்கள் பேதுருதாலகாலையை மூன்று தரம் அடுக்கினாலும் எட்டாது. அந்த உயரத்துக் காற்றிலும் ஒட்சிசன் 21 வீதம்தான், ஆனால் அதைச் சுவாசப்பைக்குள் தள்ளுகிற அமுக்கம் இங்கே இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதை ஓ.எல். பிள்ளைகளுக்கு இருபத்தாறு வருஷம் படிப்பித்தவள் நான். அப்போது அது ஒரு கேள்வி, ஐந்து புள்ளி, அவ்வளவுதான்.

எனக்கு அமுக்கத்தைப் படிப்பித்தது அப்பாவின் கால்.

அந்தக் கதையை உனக்கு முழுதாக யாரும் சொல்லவில்லை. யுத்தம் நின்றிருந்த சமாதான காலம், உனக்கு ஒன்பது வயது. கடல் திறந்துவிட்டதென்று எல்லோரும் கடலட்டைக்கு ஓடிய நேரம். பத்து மீற்றர் இறங்க ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும், முப்பது மீற்றரில் நாலு மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்தில் கரையும். மெல்ல ஏறி வந்தால் மெல்ல வெளியேறும். அவசரப்பட்டால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி நுரைக்கும். அப்பாவுக்கு இது தெரியாததில்லை, சங்கு குளித்த பரம்பரை. அன்றைக்கு அது மூன்றாவது சிலிண்டர். ஏறவேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு பாறைக்குக் கீழே அட்டை குவியலாகக் கிடந்ததாம். இன்னும் ஒரு பை என்று நினைத்தாராம். பை நிறைந்தது, காற்றும் முடிந்தது. இடையில் எங்கேயும் நிற்காமல் நேரே மேலே வந்திருக்கிறார். போட்டில் ஏறி ஒரு பீடியும் பற்ற வைத்தாராம். பீடி முடிவதற்குள் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது.

அமுக்க அறையில் கிடத்தி, நாட்கணக்காகப் பார்த்து எழுப்பிவிட்டார்கள். நடை திரும்பி வந்தது. இடது பாதத்துக்கு உணர்ச்சி வரவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் கன்னியா சுடுதண்ணிக் கிணறுகளுக்குப் போனோம், நினைவிருக்கிறதா? ஏழு கிணறும் ஏழு சூடு. நீ வாளி வாளியாக அள்ளி அவர் காலில் ஊற்றினாய். "இது சுடுதா அப்பா? அப்ப இது?" வலது காலை ஒவ்வொரு தரமும் இழுத்துக்கொண்டார். இடது காலில் ஊற்றும்போது தண்ணீர் வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உனக்கு அது விளையாட்டு, கைகொட்டிச் சிரித்தாய். இன்றைக்கும் அவர் குளிக்கிற சுடுதண்ணியில் முதலில் கை வைத்துப் பார்ப்பது நான்தான்.

கடலில் மேலே வரும்போதுதான் ஆபத்து. மலையில் இறங்கும்போது என்று எழுதியிருக்கிறார்கள். யோசித்துப் பார், இரண்டுமே வீட்டுக்கு வருகிற வழி.

நீ வாய் ஓயாமல் சொல்லுகிற மெஸ்னரையே எடு. 8000 மீற்றருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் முதலில் ஏறி முடித்தவர், 1986இல். அதற்கு முதல், 1978இல், கூட்டாளி ஹாபெலரோடு எவரெஸ்டுக்கு ஒட்சிசன் சிலிண்டர் இல்லாமல் போய்வந்தவர். எல்லாம் சரி. 1970இல் நங்க பர்பத்தில் அவரும் தம்பி குந்தரும் உச்சியைத் தொட்டுவிட்டார்கள். தம்பி போனது இறங்கி வரும்போது. இவருடைய கால்விரல்கள் குளிரில் கருகி, வெட்டி எடுக்கவேண்டி வந்தது. அதை வாசித்த இரவு நான் எழும்பிப் போய் அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அவருக்குத் தெரியாது, இடது பாதம்தானே.

1996 மே 10ஆம் திகதி எவரெஸ்டிலும் இதே கதைதான். திரும்பவேண்டிய நேரமான பிற்பகல் 2 மணி கடந்தும் ஆட்கள் மேலேயே போய்க்கொண்டிருந்தார்கள். புயல் வந்தது, எட்டுப் பேர் திரும்பவில்லை. அங்கேயும் இன்னும் ஒரு பை.

எனக்குப் பிடித்த ஆள் கெர்லிண்டே கால்டன்புருனர். ஆஸ்திரியாக்காரி, தாதியாக வேலை செய்து சம்பளத்தைச் சேர்த்துச் சேர்த்து மலைக்குப் போனவள். 14 சிகரங்களையும் சிலிண்டர் இல்லாமல் ஏறிய முதல் பெண். கே2 மட்டும் அவளுக்கு ஏழாவது தரம்தான் கிடைத்தது, 2011இல். நீ ஏழாவது தரத்தைப் பார்ப்பாய். நான் அதற்கு முன் திரும்பி வந்த ஆறு தரத்தையும் எண்ணுகிறேன். 2016இல் ஜயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் ஏறியபோதும் அப்படித்தான். இலங்கையில் இருந்து முதல் ஆள் என்று ஊரே கொண்டாடியது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கூடப் போன யோஹான் பீரிஸைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உச்சிக்கு இன்னும் 400 மீற்றர்தான். ஒட்சிசன் காணாதென்று திரும்பிவிட்டார். 2018இல் மறுபடி போய் ஏறினார். அந்த 400 மீற்றரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு திரும்ப எவ்வளவு மனத்தைரியம் வேண்டும்! அவருடைய தாயை எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அன்றைக்கே போன் எடுத்திருப்பேன்.

ஜுன்கோ தபேயைப் பற்றியும் சொன்னாய். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண், பனிச்சரிவில் புதைந்து, வெளியே இழுத்தெடுத்து 12ஆவது நாள் உச்சியில் நின்றவள். அப்போது அவளுடைய மகள் சின்னப் பிள்ளை, ஜப்பானில் வீட்டில். நான் அந்தப் பிள்ளையின் பக்கம் நின்றுதான் வாசித்தேன். நம் வீட்டில் தலைகீழ், பிள்ளை மலையில், தாய் வாசலில்.

பெண்கள் முதன்முதலில் 8000 மீற்றருக்கு மேல் ஒரு சிகரத்தை ஏறியது நீ போகிற மனாஸ்லுவில்தானாமே, 1974இல், ஜப்பான்காரிகள். அதை வாசித்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இதை நான் எழுதியதாக அப்பாவிடம் சொல்லாதே.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "சிலிண்டரோடயா, இல்லாமலா?" சிலிண்டரோடு என்றேன். "முடியுற நேரத்தை ஏற முதலே கணக்குப் பார்க்கச் சொல்லு" என்றார். பிறகு எழும்பி மானைத் துரத்தப் போய்விட்டார். செவ்வரத்தையில் ஒரு குருத்துக்கூட மிச்சம் இல்லை, கதவு திறந்திருந்தால் குசினி வரை வருகுதுகள்.

காசைப் பற்றி நான் கேட்கவில்லை. அது உன் பாடு. வழிகாட்டிச் சுமை தூக்கி உன்னோடு வருகிற ஷெர்ப்பாமாருக்கு மட்டும் குறை வைக்காதே. 2014இல் எவரெஸ்ட் வழியில் உள்ள கும்பு பனியருவியில் ஒரே காலையில் இறந்த 16 பேரும் மற்றவர்களுக்கு வழி போடப் போன நேபாள வேலையாட்கள். அப்படிப்பட்ட ஆள் உன்னிடம் திரும்புவோம் என்றால் வாய் காட்டாமல் திரும்பு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உச்சிக்குப் போகிற நாளுக்கு முதல் நாள், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எனக்கு அனுப்பு. உச்சியைத் தொடுகிற நேரம் வேண்டாம். எங்கே நின்றாலும், பத்தடி தூரத்தில் உச்சி தெரிந்தாலும், முகத்தைக் கீழே திருப்புகிற நேரம். அதை உன் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பேன். அந்த நேரம் வந்ததும், இப்போது பிள்ளை இறங்கத் தொடங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அப்பாவுக்குத் தேத்தண்ணி போடுவேன்.

நேபாள நேரத்திலேயே எழுது. அது எங்கள் நேரத்தைவிடக் கால் மணித்தியாலம் முந்தித்தானே. அதை நான் கழித்துக்கொள்கிறேன்.

அம்மா