சட்டென்று நிற்காதீர்கள்: பிரஷர் உள்ளவர்களின் நடைப்பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றியும், ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும், வண்டியூர் கண்மாய்க் கரையிலும் நடப்பவர்களில் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடந்து வந்தால் பிரஷரின் மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை குறைய வாய்ப்புண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் பலரும் விறுவிறுவென்று நடந்துவிட்டு, வண்டி நிறுத்திய இடம் வந்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். எங்கள் கவலை அதைப் பற்றித்தான்.

நடக்கும்போது கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும். கெண்டைக்கால் சதை ஒவ்வோர் அடிக்கும் இறுகி, ரத்தத்தை மேலே தள்ளும். நின்றவுடன் அந்தத் தள்ளல் நின்றுபோகும். குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் மளமளவென்று இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். அம்லோடிபின், பிராசோசின் போன்ற மாத்திரைகள் குழாயை ஏற்கெனவே விரித்து வைப்பவை என்பதால், அவற்றைச் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கடைசி 5 முதல் 10 நிமிடம் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நடந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. தெப்பக்குளம் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். கடைசிச் சுற்றில் பாதியை நிதானமாக நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். தொடக்கத்திலும் 5 நிமிடம் மெதுவாக நடந்துதான் வேகம் பிடிக்க வேண்டும்.

எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அட்டினோலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பவே கூடாது. அந்த மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். எண் ஏறவில்லையே என்று மூச்சு வாங்க ஓடுவதும், நடப்பதால் இனி வேண்டாம் என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் ஒரே அளவு ஆபத்து.

குளோர்தாலிடோன் போன்ற, சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும். மாத்திரையாலும் வேர்வையாலும் நீர் வெளியேறினால் தலைசுற்றலும் கால் குரக்களியும் வரும். அரை மணி நடைக்குத் தண்ணீரே போதும். நீர்மோர் குடித்தால் உப்பில்லாமல் குடியுங்கள்.

எடை தூக்குபவர்கள் தம் கட்டக் கூடாது. இளவட்டக்கல் தூக்கிய ஊர்ப்பக்கத்தில் தம் கட்டுவது இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் பெரிய எடையை மூச்சடக்கித் தூக்கும் அந்த நொடியில் அழுத்தம் 200-ஐத் தாண்டிப் போகக்கூடும். 12 முதல் 15 தடவை சிரமமில்லாமல் தூக்க முடிகிற எடை போதும். தூக்கும்போது மூச்சை விட்டு, இறக்கும்போது இழுக்க வேண்டும். அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களுக்குச் சிரசாசனமும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும், மூச்சை அடக்கி வைக்கும் கும்பகமும் வேண்டாம்.

நடந்து முடித்த கையோடு பிரஷர் பார்ப்பதும் வீண், அப்போது காட்டும் அளவு சரியாக இருக்காது. காலையில் காபிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேல் அளவு 180-ஓ, கீழ் அளவு 110-ஓ தொட்டால் அன்று நடை வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். சர்க்கரையும் உள்ளவர்கள், புதிதாகத் தொடங்குபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே வேகநடைக்குப் போக வேண்டும்.

2023-இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு தொடங்கிவைத்தது. மதுரையில் மக்கள் நடக்கும் இடங்களில், நடை முடியும் இடத்துக்கு 500 மீட்டர் முன்பாக ‘இங்கிருந்து வேகத்தைக் குறைக்கவும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகையும், அதனருகே சாய்மானம் உள்ள இருக்கையும் வைக்க மாநகராட்சி முன்வர வேண்டும்.

இயன்முறை மருத்துவர்கள்,
மதுரை.