சாக்கைத் திறந்து பார்த்த தம்பிக்கு

பட்டுக்கோட்டைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. ஆனி பிறந்ததிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த பிள்ளைகள், ராத்திரி முறை போட்டுக் காவலிருந்த மாமா, சித்தப்பாமார், ஒருநாள் விடாமல் கஞ்சியும் ரசமும் அனுப்பிய எதிர்வீட்டு அக்கா, வார்டில் கடைசிவரை முகம் சுளிக்காத செவிலியர்கள், துக்கத்துக்கு வந்து வாசலில் நின்றவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் கேன் போடுகிற தம்பி. பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்த அன்று கொல்லைக் கொட்டகையில் இரண்டு சாக்குகள் கிடந்தன. ஒன்றில் இலுப்பைப் பழம், மற்றதில் வேப்பம்பழம். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையையும் நிழல் மரங்களையும் சாய்த்துப் போட்டதிலிருந்து வருஷாவருஷம் அப்பா விதை பொறுக்கியது ஊருக்கே தெரியும். தென்னம்பிள்ளை வைக்க ஆள் இருக்கிறது, இலுப்பைக்குத்தான் இல்லை என்பார்.

புங்கன், கொன்றை விதை என்றால் டப்பாவில் போட்டு மாதக்கணக்கில் வைக்கலாம். வேம்பும் இலுப்பையும் அப்படியில்லை. ரொம்பக் காய்ந்தால் உயிர் போய்விடும், மூடி வைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். பழம் விழுந்து இரண்டு வாரத்துக்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். சதையோடு சாக்கில் கிடந்தால் சூடேறி அதற்கும் முன்னாலேயே கெட்டுவிடும். அந்த நாட்களில் அதை நினைக்க வீட்டில் யாரும் இல்லை.

கேன் வைக்க வந்த தம்பி புளித்த வாடை அடிக்கிறதே என்று சாக்கைத் திறந்திருக்கிறார். கேன் இறக்கும் ஐந்து நிமிஷத்தில் அப்பா வேலை செய்வதை நின்று பார்த்ததுதான் அவருடைய படிப்பு. அன்று சாயங்காலமே வந்து, பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையைக் கழித்து, மிதந்த சொத்தையைத் தள்ளிவிட்டு, மூழ்கியதைக் கொட்டகை நிழலில் கோணி மேல் பரப்பினார். ஒரே நாள்தான், வெயிலில் அல்ல.

மறுநாள் பை நிரப்பினார். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று. மக்காத சாணம் கலந்தால் சூட்டில் முளை வெந்துபோகும். விதையைப் படுக்க வைத்து, அதன் பருமன் அளவுக்கே மண் மூட வேண்டும். ஆழப் புதைத்தால் உள்ளேயே அழுகும். காலையில் ஒரு தடவை பூவாளியால் தண்ணீர். ஹோஸைப் பிடித்தால் விதை மேலே வந்துவிடும். சாயங்காலமும் ஊற்றினால் ராத்திரியெல்லாம் ஈரம் நின்று, முளைத்தது அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். இத்தனையும் தவறாமல் ஏழு வாரம்.

இலுப்பைக்கு ஆணிவேர் வேகமாக இறங்கும். பையைத் துளைத்துத் தரையைப் பிடித்துவிட்டால் தூக்கும்போது வேர் அறுந்து கன்று வாடும். அதற்காகப் பதினைந்து நாளுக்கொரு முறை ஒவ்வொரு பையையும் தூக்கி இடம் மாற்றி வைத்திருக்கிறார். மொத்தம் 240 பைகள். ஒவ்வொரு வரிசைத் தலைப்பிலும் பழைய கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சீட்டு, அப்பா எழுதுவது போலவே: "இலுப்பை, ஆனி 14". பென்சிலில்தான் எழுதியிருக்கிறார். பேனா மை தண்ணீர் பட்டால் கரையும் என்று அப்பா சொல்வது அவருக்கு நினைவிருந்திருக்கிறது.

171 முளைத்திருக்கின்றன. அதில் இலுப்பை 63. புதுத் தளிர் செம்பு நிறத்தில் மின்னுகிறது.

மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு கன்று கொடுத்தவர் அப்பா. பேரப்பிள்ளைகள் கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்கினால், "பையோடு பிடி கண்ணு, பிள்ளையைத் தூக்குற மாதிரி" என்பார். அதட்டிச் சொன்னதே கிடையாது.

வேப்பங்கன்று ஐப்பசி மழைக்குத் தயாராகிவிடும். வேண்டியவர்கள் கொல்லைப் பக்கமாக வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி போதும். பையை உருவாமல் பிளேடால் கீறுங்கள், மண்கட்டி உடையக் கூடாது. ஆடு மேயும் இடமென்றால் முள் அடைப்புக்கு வழி செய்துவிட்டு வாருங்கள். இலுப்பையை மட்டும் அடுத்த வருஷ ஐப்பசிக்கு முன்னால் கேட்காதீர்கள்; தண்டு பென்சில் கனத்துக்கு வரட்டும்.

தம்பி, வருகிற ஆனியில் பழம் பொறுக்குவது எங்கள் வேலை. கொட்டகைச் சாவி இனி உங்களிடமே இருக்கட்டும். எப்படிப் பிசைவது, எவ்வளவு மண் மூடுவது என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

அப்பாவின் பிள்ளைகள்