சலூன் கண்ணாடி

அட்லாண்டா,
மே மாதக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. தங்கச்சியின் முழங்கால் வலி, பேத்தியின் மொட்டை, ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டி என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருந்தாய்: "ரிட்டயர் ஆனதிலிருந்து ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், எதிலும் மனசு ஒட்டவில்லை, வயசாச்சுல்ல, அதான்." வயசு என்றால் எனக்கும் உன் வயசுதான். அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்கார்.

நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? கறுப்பினத்தவர் நடத்தும் கடை. வீட்டுக்குப் பக்கம் என்றுதான் முதலில் போனேன். சனிக்கிழமையானால் நம்ம ஊர் சலூன் தோற்றது போ. ஒருவருக்கு முடிவெட்டு நடக்கும், ஆறு பேர் சும்மா உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். தந்தி பேப்பர் ஒன்றுதான் குறை. கடைக்காரருக்கு அறுபத்தைந்து இருக்கும். சர்ச்சில் பெரிய மனிதர், தெருவில் யாருக்கு என்ன தகராறு என்றாலும் இவரிடம்தான் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இருபது வயசுப் பையன் ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பெரியவர் அவனை எதுவும் கேட்கவில்லை. கத்தரி பாட்டுக்கு ஓட, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தம்பி செத்துப்போன வருஷம் கடையைத் திறக்க மனமில்லாமல் உள்ளே விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாராம். நாலு மாசம். வாடிக்கையாளர்கள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போவார்களாம். பிறகு பெண்டாட்டி பிடித்துத் தள்ளியதில் ஒரு ஆலோசகரிடம் போனது, முதல் நாள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது, எல்லாவற்றையும் மழை பெய்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். பையன் வாயைத் திறக்கவில்லை. காசு கொடுக்கும்போது மட்டும் மெதுவாகக் கேட்டான்: "அந்த ஆலோசகர் நம்பர் இருக்கா?"

எனக்கு அது தற்செயலாகப் படவில்லை. அடுத்த முறை போனபோது கேட்டேன். பயிற்சி எடுத்திருக்கிறாராம். இங்கே 'கன்ஃபெஸ் புராஜெக்ட்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 2016-ல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் ஊரில் லொரென்சோ லூயிஸ் என்பவர் ஆரம்பித்தது. அவர் பிறந்ததே சிறையில்; அம்மா அப்போது கைதி. பத்து வயசில் அப்பா போய்விட்டார். வளர்த்தது அத்தை. கோபமும் மனச்சோர்வுமாகத் திரிந்து, பதினேழு வயசில் தானும் உள்ளே போயிருக்க வேண்டியவர். அத்தை நடத்திய அழகு நிலையத்தில் பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் மனசைத் திறந்து கொட்டுவதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்தவர். ஆண்களுக்கு அந்த இடம் சலூன்தானே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இப்போது பல மாநிலங்களில் முடிதிருத்துபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். டாக்டராக்குவதற்கு இல்லை. காது கொடுத்துக் கேட்பது, கேட்டதைச் சின்னதாக்காமல் இருப்பது, தேவைப்பட்டால் சரியான ஆளிடம் அனுப்புவது, அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொல்லித்தான் லூயிஸ் இதைப் பரப்பினார்.

நம் பக்கம் முடிதிருத்தும் சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர் இருப்பது உனக்கு ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அதுதான் முதலில் வந்தது. கழுத்தில் கத்தி வைக்க யாரை நம்புகிறோமோ, அவரிடம் வேறெதையும் சொல்லலாம். அதுவும் நேருக்கு நேர் முகம் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லலாம். ஆண்களுக்கு இது எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பார்.

கணக்கு வாத்தியார் நீ, கதை போதாது, எண் வேண்டும் என்பாய். மனசுக்கு இல்லாவிட்டாலும் ரத்தக் கொதிப்புக்கு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 52 சலூன்கள், 319 கறுப்பின ஆண்கள். பாதிக் கடைகளில் மருந்தாளரையே கடைக்கு வரவழைத்து அங்கேயே மருந்து கொடுத்தார்கள். மீதிக் கடைகளில் முடிவெட்டுபவர் டாக்டரைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தியதோடு சரி. ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதல் கூட்டத்துக்குச் சராசரியாக 27 புள்ளி இறங்கியது, இரண்டாவது கூட்டத்துக்கு 9. 2018-ல் வெளிவந்த ஆய்வு. மருந்து ஒன்றும் புதுசு இல்லை, ஆனால் ஆள் இருக்கும் இடத்துக்கே தேடி வந்தது.

ஏன் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக மாட்டார்களா என்று கேட்பாய். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போனால் அலபாமாவின் டஸ்கீகி. அங்கே 1932-லிருந்து 1972 வரை, நாற்பது வருஷம், அரசாங்க சுகாதாரத் துறையே சுமார் 600 கறுப்பின ஏழை ஆண்களை வைத்து ஆராய்ச்சி நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. உங்களுக்குக் 'கெட்ட ரத்தம்' என்று சொல்லி வைத்தார்கள். 1940-களின் கடைசியில் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை, நோய் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். மனநல வைத்தியத்தின் கதை இன்னும் பழசு. 1851-ல் கார்ட்ரைட் என்ற லூசியானா டாக்டர், தப்பியோடும் அடிமைகளுக்கு 'டிராப்டோமேனியா' என்று ஒரு மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலைக்கு ஆசைப்படுவது நோய், சாட்டையடி வைத்தியம்! இந்தச் சரித்திரத்தைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த ஒருவனிடம் போய் "கவுன்சிலிங் போ" என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் அவன் ஏன் கேட்க வேண்டும்?

அதனால்தான் அவர்களுக்குள்ளேயே, அதுவும் மதிக்கப்படுகிறவர்கள், "எனக்கும் வந்தது" என்று சொல்வதற்கு அவ்வளவு எடை.

நீ 2012-ல் வந்தபோது ஆபர்ன் அவென்யூவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டைக் காட்டினேனே, வாசல் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாய். அவர் பன்னிரண்டு வயசில், வீட்டுக்குத் தெரியாமல் ஊர்வலம் பார்க்கப் போயிருந்த நேரத்தில் அவர் பாட்டி இறந்துவிட்டார். தான் செய்த தப்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்து, மாடி ஜன்னலிலிருந்து குதித்தார் அந்தப் பிள்ளை. நல்லவேளை, பிழைத்தார். அன்று நமக்கு இது தெரியாது. சிலைகளின் பக்கத்தில் வைத்திருக்கும் கல்லில் இதெல்லாம் பொறிக்கப்படுவதில்லை.

பெண்கள் பாடு இன்னும் மோசம். "அவளுக்கென்ன, இரும்பு மாதிரி" என்று நாம் அம்மாக்களைச் சொல்வோமே, அதே பட்டம்தான் இங்கே கறுப்பினப் பெண்களுக்கும். புகழ்ச்சி மாதிரி இருக்கும், ஆனால் அழுவதற்கு அனுமதி கிடையாது என்று அர்த்தம். டெர்ரி வில்லியம்ஸ் என்று நியூயார்க்கில் ஒருவர், பெரிய பெரிய நட்சத்திரங்களுக்கு மக்கள் தொடர்பு பார்த்தவர். அடுத்தவர் முகத்தைப் பளபளப்பாகக் காட்டுவதே தொழில். 2005-ல் கறுப்பினப் பெண்களுக்கான 'எசன்ஸ்' பத்திரிகையில், தன்னால் படுக்கையை விட்டே எழ முடியாமல் போனதைப் பற்றி எழுதினார். கடிதங்கள் மலையாகக் குவிந்தன. எழுதியவர்கள் பாதிப்பேர் "நானும்" என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுத்தாளர் பீபி மூர் கேம்பல் கதை இன்னும் மனசைத் தொடும். மகளுக்கு மனநோய் என்று தெரிந்தபோது முதலில் வெட்கப்பட்டார், மறைத்தார். அதை அவரே பிறகு சொன்னார். அப்புறம் அதே நிலையில் இருந்த குடும்பங்களோடு சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரு ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். 2006-ல் இறந்துவிட்டார். 2008-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஜூலை மாதத்தைச் சிறுபான்மையினர் மனநல மாதமாக அவர் பெயரிலேயே அறிவித்தது.

என் பையன் கூடைப்பந்துப் பைத்தியம் என்பதால் எனக்குத் தெரிந்தது டிமார் டிரோசன் கதை. 2018 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, மனச்சோர்வு தன்னை ஜெயித்துவிடுகிறது என்ற பொருளில் ட்விட்டரில் ஒரே ஒரு வரி போட்டார். அவர் அப்போது புகழின் உச்சியில் இருந்தார், சொந்த ஊரில் ஆல் ஸ்டார் ஆட்டம். சில வாரங்களில் இன்னொரு அணியைச் சேர்ந்த கெவின் லவ், டிரோசன் சொன்னதைப் பார்த்துத் தைரியம் வந்தது என்று சொல்லி, ஆட்டத்தின் நடுவே தனக்கு மூச்சு முட்டிய கதையை எழுதினார். லவ் வெள்ளைக்காரர். வாசலைத் திறந்தவர் கறுப்பர் என்பதை மட்டும் பேப்பர்காரர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

இதற்காக எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதே. எனக்கு ஒரு குறை உண்டு. நட்சத்திரம் பேசினால் கைதட்டுகிறார்கள். கேட்டுவிட்டு எழுந்து போகிறவனுக்கு எங்கே போவது என்று தெரிய வேண்டாமா? இந்த நாட்டில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் கறுப்பினத்தவர், மனநல மருத்துவர்களில் நூற்றுக்கு 2 பேர்தான். இன்ஷூரன்ஸ் இல்லாதவனுக்கு ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணம் ஒரு வார மளிகை. இது இன்று தெரிந்த விஷயமும் இல்லை. 1946-லேயே, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெமில் ஒரு சர்ச்சின் நிலவறையில், ரிச்சர்ட் ரைட் என்ற கறுப்பின எழுத்தாளரும் சில டாக்டர்களும் சேர்ந்து மனநல மருத்துவமனை திறந்தார்கள். கட்டணம் 25 சென்ட், அதுவும் கையில் இருந்தால். டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் மாலையில் வந்து பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷம் போல நடந்தது, பிறகு மூடிவிட்டார்கள். அன்றைக்கும் சர்ச்சின் கீழ்த்தளம்தான், இன்றைக்கும் சலூன்தான். யாரும் கொடுக்காததால் அவர்களே ஒவ்வொரு முறையும் இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சரி, இப்போது என் கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் நான் "வேலையை விட்டுவிட்டேன், போதும் என்று தோன்றியது" என்று உனக்கு எழுதினேன். பொய். அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசம் வீட்டில் சொல்லவில்லை. காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். தெரிந்த பிறகு வீட்டுக்காரி கத்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வேறு வேலை கிடைத்தது, எல்லாம் சரியாகிவிட்டது மாதிரி நடந்துகொண்டேன். மூணு மணி முழிப்பு எனக்கும் உண்டு மாப்ளே, எனக்கு அது நல்லாத் தெரியும்.

அந்தப் பையன் நம்பர் கேட்ட அன்றைக்குப் பிறகு இன்னும் மூன்று தடவை முடி வெட்டிக்கொண்டேன். நாலாவது தடவை நானும் கேட்டேன். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக் கொடுத்தார், முடிவெட்டியதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். இப்போது பதினெட்டு மாசமாகப் போகிறேன். முதலில் வாரம் ஒரு தரம், இப்போது மாசம் ஒரு தரம். தூக்க மாத்திரை கொஞ்ச நாள், பிறகு அதுவும் இல்லை. இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணமும் உனக்குத் தெரிந்ததுதான். ஹாஸ்டலில் தனக்குத்தானே பேசுவான் என்று ஒரு பையனுக்கு நாம் 'கீழ்ப்பாக்கம்' என்று பேர் வைத்தோமே. பேர் வைத்தது நான், பரப்பியது நீ. இரண்டாம் வருஷப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. நாம் கேட்கவும் இல்லை. ஆலோசகரிடம் போன மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, வேலை போனதைப் பேசிக்கொண்டிருந்தவன், திடீரென்று அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். அவன் ஊர் சாத்தூர் பக்கம் என்று ஞாபகம். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

உன் ஊர் மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கும், விசாரி. போக வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. நான் வாசல் வரை போய்த் திரும்பி வந்தது ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். இங்கே சனிக்கிழமை ராத்திரி, எனக்கு அவசரமில்லை. தங்கச்சி பக்கத்தில் இருந்தால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடு. "நல்லா இருக்கேன்டா" என்று ஆரம்பித்தாய் என்றால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவேன். தண்ணீர்த் தொட்டிக்கு எம்-சீல் போட்டுப் பார்.

உன்,
பழைய ரூம்மேட்